அவருக்குப் பிறகு, எனக்குப் பிறகு

“அப்பா கையெழுத்து எங்கம்மா?”

13 ஆண்டுகளாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி வருகிறேன். என் மகளுக்கு இப்போது 17 வயது. மூளை முடக்குவாதம், அதோடு அறிவுசார் குறைபாடும் உண்டு. அவளுக்கு நான்கு வயதாக இருந்தபோது அவளுடைய அப்பா வேலைக்கென்று பெங்களூர் போனார். முதலில் வாரம் ஒருமுறை வந்தார். பிறகு மாதம் ஒருமுறை. பிறகு தீபத்துக்குத் தீபம். அதற்கடுத்த ஆண்டு தீபம் வந்தது, அவர் வரவில்லை.

போனவரைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. அவர் போன பிறகும் அவரையே தேடிக்கொண்டிருக்கும் மேசைகளைப் பற்றித்தான் எழுத இருக்கிறது. எந்த அலுவலகம், எந்த மேசை என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் ஒரு எழுத்தரை இடமாற்றம் செய்துவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்பார்கள். அந்த மேசை எல்லா ஊரிலும் இருக்கிறது. அதன்மேல் கிடக்கும் படிவத்தில் “தந்தை / கணவர் / பாதுகாவலர்” என்று ஒரு கட்டம் இருக்கிறது. வரிசையைக் கவனியுங்கள். முதலில் பெற்றவன், அடுத்து கட்டியவன், இருவரும் இல்லாவிட்டால் யாரோ ஒருவர். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த மேசைக்கு வருகிறவள் எப்போதும் தாய்தான். ஆனால் அந்தக் கட்டத்தில் அவளுக்குப் பெயர் இல்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். மாற்றுத்திறனாளிக் குழந்தையைத் தனியாக வளர்க்கும் பெண்ணை, உதவி வாங்க வந்தவளாக அரசு பார்க்கிறது. உண்மையில் அரசு செய்ய வேண்டிய வேலையைக் கூலியில்லாமல் செய்துகொண்டிருப்பவள் அவள். கேள்வி கேட்க வேண்டியவள் அவள். பதில் சொல்ல வேண்டியவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

*

எங்கள் ஊரில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கானவர்கள் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கிறார்கள். வழிநெடுக தர்மம் செய்கிறார்கள். ஒருநாள் மாலை என் மகளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு அந்தப் பாதையில் போனேன். காற்று வாங்கத்தான். ஒரு அம்மா அவள் மடியில் பத்து ரூபாய் போட்டார். நான் எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன். “வச்சுக்கம்மா, புண்ணியம்” என்றார். யாருக்குப் புண்ணியம் என்று நான் கேட்கவில்லை. என் மகள் அந்த நோட்டின் சரசரப்பு பிடித்துப்போய்ச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மாமீது எனக்குக் கோபமில்லை. அவர் பக்தை, தர்மம் செய்யத்தான் வந்தார். ஆனால் அதே பத்து ரூபாய்ப் பார்வை அரசாங்கப் படிவத்துக்குள்ளும் இருக்கும்போது கோபம் வருகிறது. “ஊனமுற்றோர்” என்ற சொல்லை எடுத்துவிட்டு “மாற்றுத்திறனாளி” என்ற சொல்லைக் கொண்டுவந்தது கலைஞரின் ஆட்சி. சொல் மாறினால் பார்வை மாறத் தொடங்கும் என்று நம்புகிறவள் நான்; தமிழ் படித்தவள் வேறு எதை நம்புவாள்? ஆனால் அந்த மாற்றுத்திறனாளிக்கு மாதம் கொடுப்பது இன்னும் “உதவித்தொகை”தான். பெறுகிறவர் “பயனாளி”தான்.

2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்கு உதவி என்று பெயர் வைக்கவில்லை, உரிமை என்று வைத்தார்கள். பெண்களின் ஊதியமில்லாத உழைப்புக்கான அங்கீகாரம் என்று அரசே விளக்கம் சொன்னது. திருமணமாகாத தனித்த பெண்களும் கைம்பெண்களும் திருநங்கைகளும்கூட அதில் குடும்பத் தலைவிகள். 1,000 ரூபாய் போதுமா என்பது வேறு சண்டை. கணவன் கையெழுத்து இல்லாமலேயே ஒரு பெண்ணைக் குடும்பத்தின் தலைவி என்று எழுத அரசுக்குத் தெரியும் என்பதுதான் இங்கே விஷயம். தெரிந்துகொண்டே அடுத்த படிவத்தில் அவளை வேறு பெயரில் அழைக்கிறது.

*

அந்தப் பெயர்: கணவரால் கைவிடப்பட்டவர்.

அதற்கு ஒரு சான்றிதழ் உண்டு. நானும் வாங்கியிருக்கிறேன். வகுப்பில் செயப்பாட்டுவினை நடத்தும்போது இந்தத் தொடரைத்தான் மனதில் வைத்துக்கொள்கிறேன். செய்தவர் “ஆல்” என்ற உருபுக்குள் ஒளிந்துகொள்கிறார். செய்யப்பட்டவள் எழுவாயாக முன்னால் வந்து நிற்கிறாள், புகைப்படத்தோடும் ஆதார் எண்ணோடும். கைவிட்டவனுக்கு இந்த நாட்டில் எந்தச் சான்றிதழும் கிடையாது. அவன் வேலைக்குப் போகலாம், வீடு வாங்கலாம், கடன் வாங்கலாம். எந்தப் படிவமும் அவனிடம் “உன் மகள் எங்கே?” என்று கேட்காது.

அந்தச் சான்றிதழ் எப்படி வந்தது என்று சொல்கிறேன். விசாரணைக்கு ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்தார். என்னிடம் கேட்டதைவிடப் பக்கத்து வீட்டில் கேட்டதுதான் அதிகம். “அவங்க வீட்டுக்காரர் வர்றதே இல்லீங்களா? ராத்திரியில, எப்பனா? வேற யாரும் வந்து போறாங்களா?” எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. முனைவர் பட்டம் வாங்கியிருந்தேன். ஒரு கவிதைத் தொகுப்பு வந்திருந்தது. என் படுக்கையறை காலியாக இருக்கிறது என்பதற்கு மூன்று வீட்டுக்காரர்கள் சாட்சி சொன்ன பிறகுதான் என் மகளின் கோப்பு நகர்ந்தது. கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதிய விதியோ, பிரிந்து குறைந்தது ஐந்து ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும் என்கிறது. அந்த ஐந்து ஆண்டும் அவள் எதைச் சாப்பிடுவாள் என்று விதி எழுதியவருக்குத் தோன்றவில்லை. போனவன் திரும்பி வந்துவிடுவான் என்று அவளைவிட அரசு அதிகமாக நம்பிக்கொண்டிருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கு, வயது 18 தாண்டினாலும் தகப்பன் ஜீவனாம்சம் கொடுக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 144ஆம் பிரிவாக இருக்கிறது. ஆனால் வழக்குப் போட வேண்டியவள் யார்? பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் வாய்தாவுக்கு வாய்தா நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியவள் யார்? அவளேதான்.

எங்கள் கோயிலில் கார்த்திகை தீபத்தன்று மாலை அர்த்தநாரீஸ்வரர் வெளியே வருவார். பாதி ஆண், பாதி பெண். சில நிமிடங்கள்தான், மலைமேல் தீபம் ஏறியதும் உள்ளே போய்விடுவார். ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் அந்த தரிசனத்துக்குக் கூட்டம் தவம் கிடக்கிறது. பாதியைக் கொடுத்த கதையைக் கொண்டாடும் ஊரில் பிள்ளை வளர்ப்பில் ஒரு கால்பங்கைக் கூடக் கொடுக்காத ஆண்கள் குடும்பத்தோடு வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு போகிறார்கள்.

*

இப்போது வேலையைப் பேசுவோம்.

2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்குச் செலவிடுவது 299 நிமிடம். ஆண் 97 நிமிடம். வீட்டில் இருப்பவர்களைப் பராமரிக்கும் வேலையில் பெண் 134 நிமிடம், ஆண் 76 நிமிடம். என் 17 வயது மகளுக்குப் பல் தேய்த்து, குளிப்பாட்டி, ஊட்டி, நாப்கின் மாற்றி, கால்களை நீவிவிட்டு, இரவில் இரண்டு முறை புரட்டிப் படுக்க வைப்பதை இந்த நிமிடங்களுக்குள் அடக்கலாம், அல்லது அடங்காமல் போகலாம். என் கேள்வி வேறு. அலுவலக வரிசையில் நிற்கும் நேரம் இதில் எந்தக் கட்டத்தில் வரும்?

ஏனென்றால் அது ஒரு தனி வேலை. மருத்துவக் குழுவின் சான்று, தனித்துவ அடையாள அட்டை, பராமரிப்பு உதவித்தொகை, நிராமயா காப்பீடு, ரயில் சலுகை, பஸ் சலுகை, வங்கிக் கணக்கு, ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று. என் மகள் உயிரோடு இருக்கிறாள் என்று ஆண்டுக்கு ஒருமுறை நான் நிரூபிக்க வேண்டும். 15 வயதில் ஆதாருக்கு விரல்ரேகையும் கருவிழியும் புதிதாகப் பதிய வேண்டும் என்பது விதி. என் மகளின் விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கியே இருக்கும்; பிரித்தால் வலிக்கும். அவள் கண்கள் ஒரே இடத்தில் நிற்காது. மூன்று முறை போனோம். “பாப்பாவ கொஞ்சம் ஆடாம இருக்கச் சொல்லுங்க மேடம்” என்றார் அந்தப் பையன். நல்ல பையன். அவனுடைய கருவிக்குத் தெரிந்த உடம்பு ஒரே ஒரு வகை உடம்புதான். இன்னோர் இடத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை இருந்தது. பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. அன்று அவளுக்கு மாதவிலக்கின் இரண்டாம் நாள்.

நான் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் சம்பளத்தில் இல்லாததால் பெயரில் வைத்திருக்கிறார்கள். எடுத்த விடுப்பெல்லாம் அடுத்த ஆண்டு வேலை நீடிக்குமா என்ற பயமாகத் திரும்பி வரும்.

இமாச்சலப் பிரதேசத்தில் நாலாகர் அரசுக் கல்லூரியில் புவியியல் கற்பித்த ஒரு உதவிப் பேராசிரியை இருந்தார். அவருடைய மகனுக்கு எலும்புகள் எளிதில் முறியும் பிறவி நோய். அறுவை சிகிச்சைகளுக்காக அலைந்து விடுப்பெல்லாம் தீர்ந்துபோனது. மத்திய அரசு ஊழியர்களான பெண்களுக்கு 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. அவருடைய மாநிலம் அந்த விதியை ஏற்கவில்லை. சாலினி தர்மானி வழக்கு என்று சட்டம் படிக்கும் மாணவிகளுக்குத் தெரிந்திருக்கும். பெண்கள் வேலையில் பங்கேற்பது சலுகை அல்ல, அரசமைப்பின் தேவை என்று 2024 ஏப்ரல் 22 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் தாய்மார்களுக்கான விடுப்பை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. அதைப் படித்த இரவு நான் அழுதேன். மறுநாள் காலை யோசித்தேன்: நிரந்தர வேலை இருப்பவளுக்குத்தான் விடுப்பு விதி. எனக்கும், என் வீட்டுக்கு வந்து உதவும் அக்காவுக்கும், அந்தத் தீர்ப்பின் எந்தப் பத்தி பொருந்தும்?

பிரிட்டனில் 1976இல் ஒரு படி கொண்டுவந்தார்கள். வீட்டில் மாற்றுத்திறனாளிகளைக் கவனிப்பதற்காக வேலைக்குப் போக முடியாதவர்களுக்கு. ஆனால் திருமணமான பெண்களுக்குக் கிடையாது. ஆணோடு சேர்ந்து வாழ்பவளுக்கும் கிடையாது. அவள் எப்படியும் வீட்டில்தானே இருப்பாள் என்பது காரணம். தன் தாயைக் கவனிக்க வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் என்ற பெண்ணின் வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 1986இல்தான் அந்த விலக்கு உடைந்தது. அவர்கள் பத்து ஆண்டு வெளிப்படையாகச் சொன்னதை நம் அரசுகள் சொல்லாமலேயே செய்கின்றன.

நம் சட்டமும் ஊமையல்ல. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 7 வகையை 21 வகையாக்கியது. அதன் 24ஆம் பிரிவு, அதிக உதவி தேவைப்படுகிறவர்களுக்குப் பராமரிப்பாளர் படி தருவது பற்றிப் பேசுகிறது. கேரளம் ஆஸ்வாசகிரணம் என்ற திட்டத்தில் பராமரிப்பவருக்கென்றே மாதம் 600 ரூபாய் வைத்தது. அறுநூறு! ஆனாலும் அப்படி ஒரு ஆள் இருக்கிறாள் என்று ஒத்துக்கொண்டது. ஆந்திரத்தில் 2024 ஜூலை முதல் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 6,000. முற்றிலும் படுக்கையில் இருப்பவர்களுக்கு 15,000. நமக்கு இங்கே பராமரிப்பு உதவித்தொகை 2,000. மத்திய அரசு தன் பங்காகத் தருவது, அதுவும் 80 விழுக்காடு குறைபாடும் வறுமைக்கோட்டுச் சான்றும் 18 வயதும் இருந்தால், 300. இந்த முன்னூறுக்கு மேல் “அதிகாரமளித்தல்” என்று ஒரு துறைப் பெயரே இருக்கிறது.

*

இதுவரை நான் என்னைப் பற்றியே பேசினேன். எனக்குச் சாதகமாகவும் பேசினேன். ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை. எனக்கு முன்னால் ஜவ்வாது மலையிலிருந்து வந்த ஒரு பெண் நின்றிருந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர் இருக்கும். இடுப்பில் பன்னிரண்டு வயதுப் பையன். ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு மலைக்கிராமத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். அவரை மேசையில் இருந்தவர் “ஏம்மா, ஜெராக்ஸ் எங்க? போய் எடுத்துட்டு வா போ” என்றார். அடுத்து நான். என் அடையாள அட்டையைப் பார்த்ததும் “மேடம் காலேஜா? உக்காருங்க மேடம்” என்று நாற்காலி வந்தது. இருபது நிமிடத்தில் என் வேலை முடிந்தது. ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது மேசை சாப்பாட்டுக்குப் போயிருந்தது.

அன்று எனக்குக் கிடைத்த நாற்காலியை நான் மறுக்கவில்லை. என் மகளுக்குப் பசி, எனக்கு இரண்டு மணிக்கு வகுப்பு. காரணங்கள் எல்லாம் உண்மை. வெளியே வரும்போது அவர் படிக்கட்டில் உட்கார்ந்து பையனுக்கு வாழைப்பழம் ஊட்டிக்கொண்டிருந்தார். “டீச்சரம்மா, இதை எழுதிக் குடுக்கிறீங்களா?” என்று படிவத்தை நீட்டினார். எழுத உட்கார்ந்தேன். அந்தக் கட்டம் வந்தது. “வீட்டுக்காரர் பேரு?” என்றேன். என் வாயிலிருந்தும் அதே கேள்வி.

அவர் திருப்பூர் போய் மூன்று ஆண்டு ஆகிறதாம். அங்கே வேறு குடும்பம். அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “செத்துட்டான்னு எழுதிடவா? அதுன்னா சீக்கிரம் ஆயிடும்ன்றாங்களே.”

இதற்கு மேல் இந்த அமைப்பைப் பற்றி ஆய்வு செய்ய என்ன இருக்கிறது? அரசுக்குக் கணவன் வேண்டும்: கையெழுத்துப் போடும் கணவன், அல்லது செத்த கணவன். உயிரோடு ஓடிப்போனவன் மட்டும் அதன் கணக்கில் வரமாட்டான். இருக்கிறவனைச் சாகடித்தால்தான் பிள்ளைக்குச் சோறு என்ற இடத்துக்கு ஒரு நேர்மையான பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, “போலிகள் வந்துவிடுவார்கள், அதனால்தான் இவ்வளவு கேள்வி” என்கிறார்கள். பொய்யை உற்பத்தி செய்வது அந்தக் கேள்விகள்தான்.

*

புறநானூற்றில் பொன்முடியாரின் பாட்டு ஒன்றைப் பள்ளியிலேயே எல்லோரும் படித்திருப்போம். கடமைகளைப் பங்கிடும் பாட்டு. பெற்று வளர்ப்பது தாயின் கடன், சான்றோனாக்குவது தகப்பனின் கடன் என்று மேடைதோறும் சொல்வார்கள். அத்தோடு நிறுத்தியும் விடுவார்கள். பாட்டு அங்கே நிற்கவில்லை. கொல்லனுக்கு ஒரு கடன் வைக்கிறது, வேந்தனுக்கு ஒரு கடன் வைக்கிறது. ஒரு பிள்ளை ஆளாவதற்குத் தாய், தகப்பன், ஊர்த் தொழிலாளி, அரசு என எல்லோரும் கடன்பட்டவர்கள் என்பது அந்தப் பெண்பாற் புலவருக்குத் தெரிந்திருக்கிறது. நாம் மனப்பாடம் செய்ததில் தாயின் வரி மட்டும் தங்கிவிட்டது.

அந்தப் பாட்டோடும் எனக்கு வழக்கு உண்டு. அங்கே வளர்கிறவன் போர்க்களத்தில் யானையை வீழ்த்தப் போகிறவன். அதனால்தான் அவன்மீது இத்தனை பேருக்கு அக்கறை. வேல் பிடிக்க முடியாத கைகளோடு பிறந்த பெண் பிள்ளைக்கு வேந்தனின் கடன் என்ன? ஈராயிரம் ஆண்டாகியும் பதில் எழுதப்படவில்லை. பயன் தரும் பிள்ளைக்குத்தான் பங்காளிகள். பயன் தராது என்று முடிவு கட்டிய பிள்ளை தாயின் தலையில். அதற்குத் தாய்மை, தியாகம், தெய்வம் என்று பெயர். என்னைத் தெய்வம் என்று சொன்னவர்கள் பலர். அவர்களில் ஒருவராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிநேரம் என் மகளோடு உட்கார்ந்திருந்தால் நான் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். என் மகள் என் துன்பம் அல்ல. அவளுக்கு மழை பிடிக்கும், நாதஸ்வரம் பிடிக்கும், எங்கள் தெரு நாயைப் பிடிக்கும். வேண்டும் என்பதற்கு ஒருமுறையும் வேண்டாம் என்பதற்கு இருமுறையும் கண்ணைச் சிமிட்டுவாள். அவளால் நான் களைத்துப்போகிறேன், எல்லாத் தாயும் களைப்பதைப் போல. என்னை உடைப்பது வரிசைகள்தான்.

*

அடுத்த ஆண்டு அவளுக்கு 18 ஆகும். அன்றிலிருந்து சட்டப்படி நான் அவளுக்கு யாருமில்லை.

1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 18 வயதுக்குப் பிறகு பாதுகாவலரை நியமிக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் உள்ள உள்ளூர்க் குழு நியமிக்கும். பெற்றோர் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். ஒருவர் இறந்திருந்தாலோ, விவாகரத்து ஆகியிருந்தாலோ, கைவிட்டுப் போயிருந்தாலோ மற்றவர் தனியாக விண்ணப்பிக்கலாம் என்று விதியிலேயே வழி இருக்கிறது. விசாரிக்கப் போனேன். “கைவிட்டுப் போனதுக்கு சர்டிபிகேட் இருக்கா மேடம்? பழசு செல்லாது, புதுசா வாங்கிட்டு வாங்க.” மறுபடியும் தெரு. மறுபடியும் பக்கத்து வீடு.

இந்த நோய்க்கு வேர் எங்கே என்று தேடினால் ஒரு சிறு சொல்லில் போய் முடிகிறது. 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 6ஆம் பிரிவு, இயற்கைப் பாதுகாவலர் யார் என்று சொல்கிறது: தந்தை, அவருக்குப் பிறகு தாய். 1984இல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் பத்திரங்கள் வாங்க விண்ணப்பித்தார். தாய் கையெழுத்து போதாது, தந்தையின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அவர் வழக்குப் போட்டார். 1999 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம், “பிறகு” என்பதற்குத் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் பொருளில்லை, அவர் இல்லாத நிலையிலும் என்று பொருள் சொன்னது. 2015 ஜூலையில் இன்னொரு வழக்கில், திருமணமாகாத தாய், தகப்பன் பெயரைச் சொல்லாமலேயே தனிப் பாதுகாவலராகலாம் என்றது. 2016 டிசம்பரில் பாஸ்போர்ட் விதிகள் மாறின. பெற்றோரில் ஒருவர் பெயர் போதும் என்றார்கள். நாட்டைவிட்டுப் போக ஒருவர் பெயர் போதும். இங்கேயே இருந்து பிள்ளை வளர்க்க இருவர் பெயர் வேண்டும்.

ஒரு சொல்லுக்குப் பொருள் விரித்தார்கள், சொல்லை எடுக்கவில்லை. “அவருக்குப் பிறகு” இன்னும் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. அங்கிருந்துதான் அது மேசைக்கு இறங்கி வருகிறது.

எங்களைப் போன்ற தாய்மார் ஒருவரையொருவர் சந்தித்தால் கடைசியில் வந்து நிற்கும் இடமும் அதே சொல்தான்: எனக்குப் பிறகு? எனக்குப் பிறகு இவளை யார் குளிப்பாட்டுவார்கள்? இவள் இருமுறை கண் சிமிட்டினால் வேண்டாம் என்று அர்த்தம் என்பது யாருக்குத் தெரியும்? பிள்ளை எனக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொள்ளும் தாய்களை எனக்குத் தெரியும். நானும் ஒருமுறை வேண்டியிருக்கிறேன். அந்த வேண்டுதலைத் தாய்ப் பாசம் என்று கவிதை எழுதாதீர்கள். பெற்ற மகளின் சாவைக் கேட்டு ஒருத்தி கைகூப்பி நிற்கிறாள் என்றால் அந்த மாநிலத்தின் நலத்திட்டங்கள் தோற்றுவிட்டன என்று அர்த்தம்.

“அரசு எவ்வளவுதான் செய்யும்?” என்பார்கள். நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தாயின் தன்னறிவிப்பு போதும் என்று விதி செய்யுங்கள். பொய் சொன்னால் தண்டியுங்கள், அதற்கு முன் சந்தேகப்படாதீர்கள். வேண்டுமானால் கைவிட்டவனைத் தேடிப் பிடித்து, ஜீவனாம்சத்தை அரசே வசூலித்துக்கொள்ளட்டும். ஒருமுறை கொடுத்த ஆவணத்தை ஒன்பது மேசையில் கேட்காதீர்கள். நகர முடியாத பிள்ளையிடம் கருவியும் அலுவலரும் வரட்டும். பராமரிக்கிறவளுக்கு அவள் பெயரில் ஒரு படியும் முதுமைக்கு ஒரு ஓய்வூதியமும் கொடுங்கள், பிள்ளையின் தொகையில் கை வைக்காமல். ஒப்பந்தத்தில் வேலை செய்யும் பெண்ணுக்கும் பராமரிப்பு விடுப்பு கொடுங்கள். “எனக்குப் பிறகு” என்பதற்கு, பூட்டிய காப்பகம் அல்லாத ஒரு பதிலை எழுதுங்கள். இவற்றுக்காக டிசம்பர் 3 மட்டுமல்ல, ஆண்டு முழுக்க வீதியில் நிற்கும் சங்கங்கள் இங்கே உண்டு. அவற்றில் ஒன்று தன் பெயரிலேயே “பாதுகாப்போர்” என்ற சொல்லையும் சேர்த்துவைத்திருக்கிறது. அரசுக்குத் தோன்றாதது போராடுகிறவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

மாணவிகளே, நாளை உங்களில் பலர் தேர்வெழுதி அந்த மேசைகளில் உட்காரப் போகிறீர்கள். கிராம நிர்வாக அலுவலராக, வருவாய் ஆய்வாளராக, எழுத்தராக. பிள்ளையோடு வந்து நிற்பவளுக்கு முதலில் நாற்காலி போடுங்கள், அடையாள அட்டையைப் பார்ப்பதற்கு முன்னால். பிறகு அந்தக் கட்டத்தைப் பாருங்கள்.

அன்று படிக்கட்டில் உட்கார்ந்து, அந்தப் பெண் கேட்டதை நான் எழுதவில்லை. “தந்தை / கணவர்” என்ற இரண்டு சொற்களையும் பேனாவால் அடித்தேன். அடித்துவிட்டு மேலே “தாய்” என்று எழுதி அவர் பெயரை எழுதினேன். அவர் கைநாட்டு வைத்தார். மேசை வாங்கிப் பார்த்துவிட்டு, “இப்படியெல்லாம் அடிச்சு எழுதக் கூடாதும்மா” என்று திருப்பிக் கொடுத்தது. மறுவாரமும் அப்படியே எழுதிக் கொடுத்தோம். மூன்றாவது முறை வாங்கிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நான் நிரப்பும் எல்லாப் படிவத்திலும் அடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.